எழுதத் தடை

கண் டாக்டர் கேட்டது ஒரு நோயாளியின் கண் படங்களை. டேப்பக்காவுக்குக் கிடைத்தது சலவைக் கணக்கு.

மூன்று வாரத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை எடுத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. டாக்டர் கைதவறி அழித்துவிட்டார். இதெல்லாம் வாரத்துக்கு நாலு தடவை நடப்பதுதான். டேப் நம்பரைத் தட்டினாள், திறந்தாள். உள்ளே நேற்று எத்தனை படுக்கை விரிப்பு துவைக்கப் போனது, எத்தனை தலையணை உறை திரும்பி வந்தது, அதில் எத்தனை கிழிந்தது என்று சுத்தபத்தமாகப் பதிந்திருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய டேப்புக்குள் நேற்றைய விரிப்பு எப்படி வந்து உட்கார்ந்தது?

டேப்பக்கா அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக பேக்கப் பார்ப்பவள். நிஜப் பெயரைச் சொன்னால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. டேப்பக்கா என்றால் பிணவறை வரைக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் இருக்கிற எல்லா நோயாளிகளின் விவரமும் தினமும் இன்னொரு இடத்தில் நகலாக வேண்டும். முதல் இடம் கெட்டுப்போனால் நகலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு.

முன்பு நிஜ டேப்புகள் இருந்தன. பீரோ அளவுக்கு ஒரு இயந்திரம், அதற்குள் டேப்பை எடுத்து மாட்ட ஒரு இரும்புக் கை. அந்தக் கை பாதி நாள் பாதி வழியில் சிக்கிக்கொண்டு நிற்கும். அதை ஒழித்துக்கட்டச் சொல்லி மூன்று வருஷம் மல்லுக்கட்டியவளே டேப்பக்காதான். அது வண்டியேறிப் போன அன்று சந்தோஷமாகக் கை தட்டினாள். பதிலுக்கு வந்தது மெய்நிகர் டேப் நூலகம். பெயர்தான் பெரிசு. ஒரு இரும்புப் பெட்டி நிறைய டிஸ்க்; அது பேக்கப் மென்பொருளிடம் ‘நான் டிஸ்க் இல்லை, டேப்’ என்று சாதிக்கும். மென்பொருளும் அப்பாவியாக நம்பிவிடும். டேப்பும் கிடையாது, கையும் கிடையாது, எல்லாம் பாவனை. நம்பர் மட்டும் உண்டு. நிஜ டேப்பின் முதுகில் நம்பர் ஒட்டியிருந்த மாதிரி இந்த இல்லாத டேப்புக்கும் ஒரு நம்பர். மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான்.

அந்த நம்பர்களைக் கொடுத்தவள் டேப்பக்கா. பழைய டேப்புகளுக்கு என்ன வரிசையோ அதையே புதியவற்றுக்கும் கொடுத்தாள். இத்தனை வருஷமாக மனப்பாடமான நம்பர்கள், எதற்குப் புதுசாக ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நினைத்தாள். பழையவை ஒரு பட்டியல், புதியவை ஒரு பட்டியல், ஒன்றின் முகத்தில் இன்னொன்று விழிக்கப் போவதில்லை. அன்றைக்கு அது தப்பாகவும் படவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் பிரிவுக்குப் புது மேலாளர் வந்தார். எல்லாம் ஒரே ஸ்கிரீனில் தெரிய வேண்டும், எல்லாம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. வந்த வாரமே வார்டுப் பெண்கள் அவருக்குப் பச்சை என்று பெயர் வைத்துவிட்டார்கள். டேப்பக்கா விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில் பச்சை வெளியாட்களைக் கூப்பிட்டு இரண்டு பட்டியலையும் ஒன்றாகச் சேர்த்தார். திரும்பி வந்தவள் ஸ்கிரீனைப் பார்த்தாள், பச்சையாகத்தான் இருந்தது. அதற்குமேல் அவளும் துருவிப் பார்க்கவில்லை.

இப்போது துருவினாள். பழைய டேப் ஒவ்வொன்றுக்கும் ஏழு வருஷம் கெடு. கெடு முடிந்ததும் ‘இனி இந்த நம்பர்மேல் எழுதலாம்’ என்று மென்பொருள் தீர்மானிக்கும். பழைய டேப் அடித்தளத்தில் பூட்டிய பீரோவுக்குள் தூங்குகிறது. அதே நம்பரில் கைக்கு எட்டுவது புது டேப். அதன்மேல் எழுதிவிடுகிறது. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால், பாழடைந்த வீட்டை இடிக்க வந்தவன் குடியிருக்கிற வீட்டை இடித்துவிட்டுப் போவது போல. இடித்து முடித்ததும் ‘வெற்றி’ என்று ஒரு பச்சை விளக்கு வேறு. இரண்டு வாரமாக இதே கூத்துதான். இருநூற்று நாற்பது டேப்பில் முப்பத்தொன்று போயிருந்தது.

முதலில் கண் டாக்டருக்குத்தான் போன் செய்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“அந்தப் படங்க இனி கெடைக்காது டாக்டர். தப்பு எங்க பக்கம்.”

“அந்தம்மா ஸ்கூல் டீச்சர்,” என்றார் டாக்டர். “ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படம் அது. மறுபடி எடுக்க முடியாது, ஏன்னா அந்தக் கண்ணு இப்ப அப்படி இல்ல. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா நான் எதோட ஒப்பிட்டுப் பாக்குறது? சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

அந்த அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு ஸ்கிரீன். அதில் வரிசை வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். பச்சை அதற்கு எதிரே உட்கார்ந்துதான் டீ குடிப்பார்.

“சார், தினமும் ரெண்டு மூணு டேப் அழிஞ்சுகிட்டிருக்கு. இன்னைக்கே நிறுத்தணும். நம்பரெல்லாம் மாத்தணும். ரெண்டு நாள் ஆகும்.”

“எல்லாம் பச்சையாத்தானே மேடம் இருக்கு.”

“அழிச்சிட்டுத்தான் சார் பச்சை காட்டுது.”

விளக்கமாகச் சொன்னாள். அவர் முட்டாள் இல்லை, பாதியிலேயே புரிந்துகொண்டார். புரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், எழுந்து போய்க் கதவைச் சாத்தியது. இரண்டாவது, மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தது.

மீட்புச் சோதனைப் படிவம், மூன்று வருஷத்துக்கு முன் வந்த விதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு நாளின் பேக்கப்பை எடுத்துக் காலி இயந்திரம் ஒன்றில் இறக்கி, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்து, பேக்கப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். காலி இயந்திரம் எப்போதும் கிடைக்காது. நேரமும் கிடைக்காது. கையெழுத்து மட்டும் கிடைக்கும். பதினோரு தடவை டேப்பக்காவே பார்க்காமல் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூன்று மேலாளர்கள் கேட்டார்கள், மூன்று பேருக்கும் போட்டாள்.

“வியாழக்கிழமை ஆய்வுக்கு வர்றாங்க,” என்றார் பச்சை. “இது ஒண்ணுதான் பாக்கி. போட்டுக் குடுத்துடுங்க. வெள்ளிக்கிழமை காலையில நீங்க சொல்ற மாதிரி எல்லாத்தையும் மாத்திக்கலாம். அதுக்குள்ள என்ன, ஒரு பத்து டேப் போகுமா? போகட்டும்.”

“போகட்டும்னு சொல்ல அது நம்ம வீட்டுப் பழந்துணியா சார்?”

“மேடம், அந்த நம்பர் வரிசைய யார் குடுத்ததுன்னு என்கிட்ட ஒரு பேப்பர் இருக்கு.”

“நான்தான் குடுத்தேன்.”

“அதத்தான் சொல்றேன். இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா அந்தப் பேப்பர் எனக்கு ஞாபகமே இருக்காது. போடலைன்னா அந்தப் பேப்பர் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அப்புறம் இந்தச் சீட்டுல நீங்க இருக்க மாட்டீங்க. யோசிங்க. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

தொடாமல் வீட்டுக்குப் போனாள். சொன்ன பேச்சைக் கேட்டுப் பழகிய உடம்பு, அப்படிச் சட்டென்று முறைத்துக்கொள்ள வரவில்லை.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தபோது முழுக்கதையும் கேட்டார்.

“போட்டுத் தொலையேன்,” என்றார். “பதினோரு தடவ போட்டவதானே.”

“அதான் இப்ப உறுத்துது.”

“உறுத்தட்டும். பத்தொன்பது வருஷம். அந்தச் சீட்ட விட்டுட்டு உன்னால இருக்க முடியுமா? ஞாயித்துக்கிழமகூட அந்தப் பெட்டியப் பத்தித்தான் பேசுற. எனக்கே அது சம்பந்தி வீடு மாதிரி ஆகிப்போச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள். “லிப்ட்டுக்குள்ள ஒரு அட்டை மாட்டுவீங்களே, சோதிச்சாச்சுன்னு. ஏறிப் பாக்காம அதுல நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?”

அவர் சாதத்தைப் பிசைந்தார். “போட மாட்டேன்னு தெரிஞ்சுதானே கேக்குற.”

“ஆமா.”

“அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற? எப்படியும் நீ நெனச்சதத்தான் செய்யப்போற,” என்று எரிந்து விழுந்தார். ஆனால் கரண்டியை எடுத்து அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பார்த்தபோது இன்னும் இரண்டு டேப் போயிருந்தது. ஒன்றில் சமையற்கூடத்துப் பட்டியல் இருந்தது, போனால் போகிறது. இன்னொன்றில் இருந்தது கதிர்சிகிச்சைப் பிரிவு. யாருக்கு எங்கே எவ்வளவு கதிர் வைத்தாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி என்கிற விவரம். அசல் இன்னும் பத்திரமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு அசலுக்கு ஒன்று ஆனால்? தொடாதே என்று ஒருவர் சொன்னார், தொடாமல் போனாள், அதற்குக் கிடைத்த பலன் இது. அவளுக்கு வந்த கோபத்தில் பாதி பச்சை மேல், மீதிப் பாதி தன் மேலேயே.

படிவத்தை எடுத்து நிரப்பினாள். சோதித்த கோப்பு: கண் பிரிவு, ஒன்று. முடிவு: தோல்வி. காரணம்: நம்பர் குழப்பம், முப்பத்து மூன்று டேப்புகள் அழிந்தன. கீழே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பச்சை படித்தார். நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவள் போய் இன்னொன்று எடுத்து, அதே மாதிரி எழுதிக் கொண்டுவந்தாள். அதையும் கிழித்தார். மூன்றாவதைக் கொண்டுவந்தபோது கிழிக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு என்னதான் மேடம் வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம் சார். இதுல ‘வெற்றி’ன்னு எழுதுறதுதான் உங்களுக்கு வேணும். அத நான் எழுத மாட்டேன்.”

“பிரிண்டர் மை குடுக்குற ஸ்டோர்ல பொறுப்புக்கு ஆள் இல்லையாம். தெரியும்ல?”

“தெரியும். ஜன்னல் இருக்கிற ரூம்.”

தன் மேஜைக்குத் திரும்பினாள். அந்த இரும்புப் பெட்டியில் எழுதத் தடை என்று ஒரு வசதி உண்டு. ஒரு டேப்புக்குத் தடை போட்டு இத்தனை நாள் என்று குறித்துவிட்டால், அந்த நாள் முடியும் வரை அதன்மேல் ஒரு எழுத்து எழுத முடியாது. போட்டவளே நினைத்தாலும் எடுக்க முடியாது. பெட்டியை விற்ற கம்பெனிக்காரன் வந்து நின்றாலும் முடியாது. மிரட்டினால் மசிந்துவிடுகிறவர்களை மனதில் வைத்தே செய்திருப்பார்கள் போலிருக்கிறது. இதுவரை அவள் அதைத் தொட்டதில்லை.

ஒவ்வொரு டேப்பாகத் திறந்தாள். உள்ளே இருக்க வேண்டியதுதான் இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்த பிறகு தடை போட்டாள். தொண்ணூறு நாள். இதய வார்டு, பிரசவ வார்டு, ரத்தப் பரிசோதனை, எலும்பு. மொத்தமாக ஒரே தட்டலில் போட்டிருக்கலாம். பார்க்காமல் போட்டதெல்லாம் போதும் என்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டைக்கூட மேஜையில் வைத்தே சாப்பிட்டாள். இருநூற்று ஏழாவது டேப்பைப் பூட்டியபோது நாலு மணி.

இனி புது பேக்கப் எழுத இடம் வேண்டும். இல்லாத டேப்பை எத்தனை வேண்டுமானாலும் பிறப்பிக்கலாம், அதுதான் இந்தப் பெட்டியின் அழகு. யாரும் எந்தக் காலத்திலும் தொட்டிராத வரிசையில் நம்பர் கொடுத்து அறுபது டேப்பைப் பிறப்பித்தாள். ஆனால் புது வரிசையை மென்பொருள் ஏற்க வேண்டுமென்றால் மாற்ற விண்ணப்பம் எழுத வேண்டும், அதில் மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அது ஆஸ்பத்திரியின் விதி. காரணம் என்ற இடத்தில் அவள் எழுதினாள்: ‘பழைய, புதிய டேப்புகளின் நம்பர்கள் ஒன்றாக இருந்ததால் முப்பத்து மூன்று டேப்புகள் அழிந்தன. நம்பர் கொடுத்தது நான். பட்டியல்களைச் சேர்க்கச் சொன்னது மேலாளர்.’

பச்சை அதைப் படித்துவிட்டு, “கடைசி வரிய எடுத்துடுங்க, போடுறேன்,” என்றார்.

“அப்ப அதுக்கு முந்தின வரியையும் எடுக்கணும் சார். ரெண்டும் சேந்துதான் இந்த நாசம் நடந்திருக்கு.”

“சேந்தே இருக்கட்டும். நான் போடல.”

“உங்க கையெழுத்து இல்லாம இன்னைக்கு பேக்கப் ஓடாது. சொல்லிட்டேன்.”

“ஓடும். இருக்கிற டேப்ல ஓடும்.” தடை போட்டதை அவளும் அவரிடம் சொன்னாள்தான். அவர் அதை வெறும் மிரட்டலாக எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை சுவர் முழுக்கச் சிவப்பு. ஒரு கட்டம் பாக்கியில்லாமல் சிவப்பு. அழிந்துபோன முப்பத்து மூன்றும் ஏற்கெனவே நிரம்பியவை; மீதி எந்த டேப்பும் எழுத விடாமல் கதவைச் சாத்தியிருந்தது. பச்சைக்கு முகம் வெளிறிவிட்டது. ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டார்.

“எடுங்க. இப்பவே தடைய எடுங்க.”

“எடுக்க முடியாது சார்.”

“முடியாதா, மாட்டீங்களா?”

“முடிஞ்சாலும் மாட்டேன். ஆனா நெஜமாவே முடியாது. வேணும்னா கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேளுங்க.”

கேட்டார். அரை மணி நேரம் கேட்டார். அவர் குரல் ஏறி இறங்கி ஏறி ஓய்ந்தது. கடைசியில் போனை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பக்கா விண்ணப்பத்தை மறுபடி மேஜையில் வைத்தாள். அவர் தொடவில்லை. அன்றைக்கும் பேக்கப் ஓடவில்லை. அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இரண்டு நாள் நகல் இல்லாமல் ஓர் ஆஸ்பத்திரி என்பது விளையாட்டு இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி வரியை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. அடித்தால் நாளைக்கே இன்னொரு பட்டியலை ஒருவர் சேர்ப்பார், இன்னொருத்தி விடுப்பிலிருந்து வந்து பச்சையைப் பார்த்துத் திருப்திப்படுவாள்.

வியாழக்கிழமை ஆய்வாளர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கிற ஒரு வயதான அம்மாள். உள்ளே வந்ததும் சுவரைத்தான் பார்த்தார்.

“சின்ன தொழில்நுட்பக் கோளாறு,” என்று பச்சை ஆரம்பித்தார். “ஊழியர் ஒருத்தர் தெரியாம ஒரு தடைய...”

“தெரிஞ்சுதான் போட்டேன்,” என்றாள் வாசலில் நின்ற டேப்பக்கா.

ஆய்வாளர் திரும்பினார். டேப்பக்கா உள்ளே வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“முந்தாநாள் வரைக்கும் இது பச்சையா இருந்துச்சும்மா. அப்ப தினம் ரெண்டு மூணு டேப் அழிஞ்சுகிட்டிருந்துச்சு. இப்ப சிவப்பா இருக்கு. இப்ப ஒண்ணுகூட அழியல. இருநூத்தி ஏழு டேப்பும் பத்திரமா இருக்கு, ஒவ்வொண்ணையும் நான் திறந்து பாத்துட்டேன்.” மூன்றாவது படிவத்தையும் மாற்ற விண்ணப்பத்தையும் எடுத்து வைத்தாள். “தோல்வின்னு எழுதியிருக்கேன். அந்த நம்பரக் குடுத்தது நான்தான். இதுக்கு முன்னாடி பதினோரு தடவ பாக்காமலே வெற்றின்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்.”

பதினொன்றைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

“இத நீங்க சொல்லியிருக்க வேண்டியதில்ல,” என்றார் ஆய்வாளர். “சொல்லிட்டீங்க. நான் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்கம்மா. அதுக்குத்தான் சொன்னேன்.”

ஆய்வாளர் எழுதினார். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, பச்சை பக்கம் தள்ளினார். பச்சை பேனாவைத் தேடினார். சட்டைப் பையிலேயே இருந்த பேனா கிடைக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. கடைசி வரியோடு சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே புது டேப்புகளில் பேக்கப் ஓடியது. வெள்ளிக்கிழமை, பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு காலி இயந்திரம் வந்தது. டேப்பக்கா ஒரு நாளின் பேக்கப் முழுவதையும் அதில் இறக்கினாள். எல்லா வார்டும் திறந்தது. பார்த்து முடித்துவிட்டு வெற்றி என்று எழுதினாள். அந்தக் கையெழுத்தைப் போடும்போது அவளுக்குக் கண் கலங்கியது, அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. சாயங்காலம் இரண்டு கடிதங்கள் வந்தன. மேலாளருக்கு, இனி கவனமாக இருக்கும்படி அறிவுரை. டேப்பக்காவுக்கு, திங்கட்கிழமை முதல் ஸ்டோரில் பிரிண்டர் மைப் பொறுப்பு.

“தேவையா மேடம் இது?” என்றார் பச்சை. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. “சும்மா இருந்திருந்தா அந்தச் சீட்டு உங்களோடதாவே இருந்திருக்கும்.”

“சீட்டு இருந்திருக்கும் சார். டேப் இருந்திருக்காது.”

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போனாள். ஜன்னல் இருந்தது, உண்மைதான்; வெளியே தெரிந்தது ஜெனரேட்டர். தரையிலிருந்து கூரை வரை மைப் பெட்டிகள். ஸ்டோர்க்காரர் மரியாதையாக எழுந்து நின்று, ஒரு பட்டியலையும் பேனாவையும் நீட்டினார்.

“பொறுப்பு ஏத்துக்கிட்டதா ஒரு கையெழுத்து போடுங்கக்கா. முந்நூத்திப் பதினாறு பெட்டி. எல்லாம் சரியா இருக்கு.”

“கடைசியா யார் எண்ணிப் பாத்தது?”

ஸ்டோர்க்காரர் தலையைச் சொறிந்தார். “எண்ணுறதா? வழக்கமா கையெழுத்துதான் போடுவாங்க.”

டேப்பக்கா பேனாவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டாள். “ஏணி எங்க இருக்கு?” என்றாள்.